கித்தாரின் கனத்தைக் குறையுங்கள். பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்!



சென்ற ஆசிரியர் தினக் கொண்டாட்டத்திற்கு முன்பு எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றை எழுத வேண்டும் என்று பல நாள்களாக எண்ணிக் கொண்டிருந்தேன். எழுதினால் சிலருக்குச் சினம் வரும் என்று தெரியும். வரட்டும். ஒரு சிறுமியின் தோளில் ஏறிய வலியைவிட அந்தச் சினம் ஒன்றும் பெரிதில்லை.

எங்கள் பள்ளியில் ஓர் இசைக்குழு உண்டு. பெரிய குழு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கீபோர்டு, ஓர் இணை தபேலா, ஒரு மிருதங்கம், ஒரு சாதாரணக் கித்தார், ஒரு பேஸ் கித்தார். அவ்வளவுதான். இந்தப் பேஸ் கித்தாரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. நான்கு தடித்த கம்பிகள் கொண்ட மின்கித்தார் அது. பாட்டின் அடித்தளத்தில் தாழ்ந்த குரலில் நடந்துகொண்டே இருக்கும். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஒலிப்பதே தெரியாது. நிறுத்திவிட்டால் மட்டும் பாட்டு காலொடிந்து நிற்கும். இளையராஜாவின் பாடல்களை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். முன்னாள் மாணவர் ஒருவர் தாம் வாசித்த பழைய கருவியைப் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்துவிட்டுப் போனார். நல்ல மனம் படைத்தவர், நல்ல கருவிதான். ஆனால் வளர்ந்த ஆடவர் ஒருவர் தம் தோளுக்கென்று வாங்கிய கருவி அது.

அதை வாசிப்பவள் ஆறாம் ஆண்டு மாணவி. தாளக்கட்டு தவறாத பிள்ளை. கீபோர்டு வாசிக்கும் பையன் வேகமெடுத்து ஓடினாலும் இவள் இழுத்துப் பிடித்து நிறுத்திவிடுவாள். சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது. ஒரு நாள் பயிற்சியின்போது அவள் வாசித்துக்கொண்டே இடத்தோளை அடிக்கடி மேலே தூக்கித் தூக்கி இறக்குவதைக் கண்டேன். “கனமா இருக்காம்மா?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர், கனமே இல்ல” என்றாள். மறுநாள் அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். “டீச்சர், பிள்ளைக்குத் தோள்ல வார் தடம் அப்படியே சிவந்து கிடக்கு. கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்றா. அந்த கித்தார் அவளுக்கு வேணாம் டீச்சர். வேற ஏதாவது கொடுங்க” என்றார்.

அந்தப் பிள்ளை என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள். ஏன் சொன்னாள்? கனமாக இருக்கிறது என்று சொன்னால் கித்தாரைப் பிடுங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவோம் என்ற அச்சம். அந்த அச்சம் தவறானதன்று. நாங்கள் அதைத்தான் செய்திருப்போம்! வழக்கமாக அதைத்தானே செய்கிறோம்? பிள்ளைக்குக் கருவி பொருந்தவில்லை என்றால் பிள்ளையை மாற்றுகிறோம். கருவியை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். 2003-இல் நான் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், கல்லூரியின் இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்தேன். பெண்களில் நான் ஒருத்திதான். அந்தக் கருவியின் எடை என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிறுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எங்களில் யாருக்கும் வந்ததில்லை. இரண்டு மணிநேரப் பயிற்சி முடிந்தால் கழுத்திலிருந்து முழங்கைவரை இழுக்கும். வலிக்கிறது என்று சொன்னபோது கிடைத்த விடை, “உனக்கு ஏம்மா இது? கோரஸ் பாடேன்” என்பதுதான். பாடினேன். எட்டு மாதம் கற்ற வித்தையைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாம் வரிசையில் நின்று பாடினேன். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் அதைத் தொடவில்லை. சொன்னவர் மீது எனக்கு இப்போது கோபமில்லை. அப்போது ஒரு திருப்புளியை எடுக்கலாம் என்று தோன்றாத என்மீதுதான் கோபம்.

ஆகவே அந்தத் தாயாரிடம், “ஒரு மாதம் தவணை கொடுங்கள் அம்மா. பிள்ளையை எடுக்க வேண்டாம், கனத்தை எடுக்கிறேன்” என்றேன். அவர் என்னை நம்பிய மாதிரி தெரியவில்லை. ஆனாலும் சரி என்றார்.

முதலில் நிறுத்தேன். விமானப் பயணத்திற்கு முன் பெட்டியை மாட்டித் தூக்கிப் பார்ப்போமே, அந்தக் கைத்தராசு போதும். கித்தாரின் எடை 4.7 கிலோ. பொதுவாகப் பேஸ் கித்தார்கள் மூன்றரைக் கிலோவிலிருந்து ஐந்து கிலோவரை இருக்கும். எங்களுடையது மேல்தட்டைச் சேர்ந்தது. பிள்ளையின் எடை 34 கிலோ. உடல் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டை ஒரே தோளில் மாட்டி நிறுத்தி வைத்திருந்திருக்கிறோம்.

பள்ளிப் பையின் கனத்தைப் பற்றி நாம் எத்தனை ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறோம்! நாளிதழ்களுக்கு எத்தனை கடிதங்கள்! பை உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் முழங்காதவர் யார்? 2022-இல் கல்வி அமைச்சும் பையின் கனத்தைக் குறைக்கும் நடவடிக்கைகளை அறிவித்தது. பைக்காவது இரண்டு வார்கள் உண்டு. பாரம் இரு தோளுக்கும் பகிர்ந்து போகும். கித்தாருக்கு ஒரே வார். அதே பெற்றோர், அதே ஆசிரியர், அதே பிள்ளை. பையென்றால் உரிமைப் போராட்டம், கித்தாரென்றால் “உனக்கு ஏம்மா இது?” இது என்ன நியாயம்?

எடையைக் குறைக்கப் போகிறேன் என்று சொன்னதும் எழுந்த எதிர்ப்புகள் ஒன்றா இரண்டா!

முதல் எதிர்ப்பு, புதியதே வாங்கிவிடலாமே என்பது. நல்ல யோசனைதான். குட்டை அளவில் பேஸ் கித்தார்கள் கிடைக்கின்றன. வழக்கமான பேஸ் கித்தாரில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 86 செண்டிமீட்டர். குட்டைக் கித்தாரில் 30 அங்குலம். சிறுவர் கைக்கும் அது எட்டும். ஆனால் ‘வாங்குவோம்’ என்ற அந்தச் சொல் எங்கள் கூட்டக் குறிப்பேட்டில் ஈராண்டுகளாகக் குடியிருக்கிறது. கூரை ஒழுகல், கணினி அறை, விளையாட்டுப் போட்டி என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிற்கும். கித்தார் கடைசி வரிசைக்குப் போய்விடும். அதில் தவறு காண மாட்டேன். ஆனால் புதிய கித்தார் வரும்வரை இந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டிலேயே காத்திருப்பாளா?

இரண்டாவது எதிர்ப்பு இசைக்கலைஞர்களிடமிருந்து வந்தது. இது சற்று ஆழமானது. ஆகவே சற்று விரிவாகவே விடை சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் திருமண மேடைகளில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேஸ் கித்தார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். “டீச்சர், மரத்துல கை வைக்காதீங்க. கனம் இருந்தாத்தான் நாதம் நிக்கும். குடைஞ்சீங்கன்னா டப்பா மாதிரி கேக்கும்” என்றார். இதை உலகமெங்கும் சொல்கிறார்கள். மரம் கனமாக இருந்தால் ஒலி நீண்டு நிற்கும் என்பது வேதவாக்கு போல் ஆகிவிட்டது.

சரி, பார்ப்போம். மின்கித்தாரில் ஒலி எப்படிப் பிறக்கிறது? கம்பிக்குக் கீழே காந்தச் சுருள் ஒன்று இருக்கிறது. எஃகுக் கம்பி அதிரும்போது அந்தச் சுருளில் மின்னலை உண்டாகிறது. அந்த அலைதான் ஒலிபெருக்கிக்குப் போகிறது. மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கம்பி எந்த இடத்தில் எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதில் மரத்துக்கும் ஒரு கை உண்டு. ஆனால் கம்பி பழையதா புதியதா, காந்தச் சுருள் எங்கே இருக்கிறது, விரலால் மீட்டுகிறோமா வில்லையால் மீட்டுகிறோமா, ஒலிபெருக்கி எப்படிப்பட்டது என்பவற்றுக்கு முன்னால் அது சிறிய கை. தகரக் கூரை போட்ட பள்ளி மண்டபத்தில், மின்விசிறிகள் இரைய, எண்பது சதவீதப் பார்வையாளர்கள் தம் பிள்ளையைப் படமெடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அரைக் கிலோ மரத்தின் நாதத்தைத் தேடிக் கேட்கப் போகிறவர் யார் ஐயா?

இன்னொன்று. கருவி செய்கிறவர்களே கனத்தைக் குறைத்துத்தான் வந்திருக்கிறார்கள். லியோ ஃபெண்டர் 1951-இல் தம் பிரசிஷன் பேஸ் கித்தாரை வெளியிட்டதற்கே, ஆளுயரப் பேஸ் வயலினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த கலைஞர்களின் பாட்டைக் குறைப்பதும் ஒரு காரணம். அதே நிறுவனம் 1968-இல் டெலிகாஸ்டர் கித்தாரின் உள்ளே குடைந்து ‘தின்லைன்’ என்ற வகையைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் கிடைத்த மரம் மிகவும் கனத்துப் போனதுதான் காரணம். கிப்சன் நிறுவனம் 1980-களில் தன் லெஸ் பால் கித்தார்களின் உடலுக்குள் துளைகள் போட்டு எடையைக் குறைத்தது. மேலே பலகை ஒட்டியிருந்ததால் பல காலம் வாங்கியவர்களுக்கே தெரியவில்லை! நாதம் போய்விட்டது என்று அந்தத் துளைகள் தெரிவதற்கு முன்னால் எத்தனை பேர் சொன்னார்கள் என்று அந்த அண்ணனிடம் கேட்டேன். சிரித்தார். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் கித்தார் வயலினைப் போல் உள்ளே வெற்றிடம் கொண்டது; ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடைதான் இருக்கும். பீட்டில்ஸ் பாடல்களில் நாதம் நிற்கவில்லையா?

நம் வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். பலா மரத்தின் குடத்தைக் குடைந்து குடைந்துதான் செய்கிறார்கள். அது ஒலி கூட்டுவதற்காகக் குடைவது, இது எடை குறைப்பதற்காகக் குடைவது. இரண்டும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உளி பட்டால் கருவி செத்துவிடும் என்று சொல்கிற உரிமை வீணையைப் படைத்த இனத்துக்கு இல்லை. அன்றியும், வீணையை யாரும் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதில்லை. தரையிலும் தொடையிலும் அதன் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் வாசிக்கிறோம்.

மூன்றாவது எதிர்ப்பை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். பெண்பிள்ளைக்கு எதற்கு பேஸ் கித்தார் என்று கேட்டவருக்கு விடை எழுதி என் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

நான்காவது, பள்ளிச் சொத்தில் கை வைக்கலாமா என்பது. இது முறையான கேள்வி. அன்பளிப்புத் தந்தவரிடம் தொலைபேசியில் பேசினேன். “தாராளமா செய்யுங்க டீச்சர், அதைத் தூக்கி எனக்கே முதுகு போச்சு” என்றார்! அவரிடமிருந்து ஒரு கடிதமும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒப்புதலும், தலைமையாசிரியரின் கையொப்பமும் வாங்கிக் கோப்பில் வைத்த பிறகே வேலையைத் தொடங்கினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பின்னால் பேச்சுக்கு இடம் வராது.

இனி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இதில் வரிசை முக்கியம். வரிசை தெரியாமல் கெடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பள்ளிக் கித்தாரைத் தொடும் முன், அடைமானக் கடையில் மலிவாகக் கிடைத்த உடைந்த கித்தார் ஒன்றில் நானே பயிற்சி பார்த்தேன். ஆர்வக்கோளாற்றில் நேரே உடல் பலகையைக் குடைந்தேன். ஓரிடத்தில் துளைக்கருவி முன்பக்கம் வரை போய் வெளிச்சம் தெரிந்தது. அது போகட்டும், அதைவிடப் பெரிய பிழை வேறு. உடல் இலேசானதும் தலை கனத்துவிட்டது! தோளில் மாட்டி இரு கைகளையும் எடுத்தால் கித்தாரின் கழுத்து நேரே தரையை நோக்கிச் சாய்ந்தது. அப்படிச் சாய்கிற கித்தாரை இடக்கை ஓயாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். எடையைக் குறைத்துவிட்டு வலியைக் கூட்டினால் அது என்ன வேலை?

கித்தார் தோளில் தொங்கும்போது அது ஒரு துலாக்கோல். வாரின் முன்முனை மாட்டியிருக்கும் கொம்பு ஏறத்தாழ கம்பியின் அதிரும் நீளத்தின் நடுப்பகுதிக்கு நேரே இருக்கிறது. தலை அதிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. உடலின் நடுப்பகுதியோ அதில் பாதித் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே தலையில் எடுக்கும் 100 கிராம், உடலில் எடுக்கும் ஏறத்தாழ 200 கிராமுக்குச் சமன். முதலில் தலையில் எடுங்கள். அதன் பிறகே உடலுக்கு வாருங்கள்.

தலையில் எடுப்பது மிக எளிது. கம்பியை முறுக்கும் ஆணிகள் இருக்கின்றனவே, வீணையில் பிரடை என்போம், அவை பழைய பேஸ் கித்தார்களில் யானைக்காது போல் பெரியவை. எங்கள் கித்தாரில் ஒவ்வொன்றும் 100 கிராமுக்கு மேல் இருந்தது. இலேசான உலோகத்தில் செய்த சிறிய பிரடைகள் இணையத்தில் கிடைக்கின்றன. வாங்குமுன் பழைய ஆணியின் துளை விட்டத்தை அளந்து கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பொருந்தாது. நான்கையும் மாற்றியதில் 170 கிராம் குறைந்தது. ஒரு திருப்புளியும் ஒரு மாலைப் பொழுதும் போதும். பழைய ஆணிகளைத் திருகாணிகளோடு ஒரு பையில் போட்டு, கித்தார் உறையிலேயே வைத்திருக்கிறேன். எவருக்கேனும் பழையபடி வேண்டுமென்றால் மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது குதிரை. கம்பிகள் மறுமுனையில் ஏறி நிற்கும் உலோகத் தாங்கியைச் சொல்கிறேன். கொடுத்தவர் நாதத்திற்காக என்று கனத்த வார்ப்புக் குதிரை ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண மடிப்புத் தகட்டுக் குதிரையைப் போட்டோம். 220 கிராம் குறைந்தது. ஆக, மரத்தில் ஒரு கீறல்கூட விழாமல் 390 கிராம்! உளியைக் கண்டு அஞ்சுகிறவர்கள் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைமையான, விலைமதிப்புள்ள கருவி என்றால் கட்டாயம் இந்த அளவோடு நிறுத்த வேண்டும். அப்படிப்பட்டதில் உளி வைப்பது அறிவீனம். அதை விற்றுவிட்டு இலேசானது ஒன்று வாங்குவதே மேல்.

மர வேலையை நான் செய்யவில்லை. முன்னர்ச் சொன்ன வெளிச்சத்தைக் கண்டபின் அந்தத் துணிவு போய்விட்டது. என் சிற்றப்பா மூவாரில் தளவாடப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். கித்தார் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. மரம் என்றால் தெரியும். பலகையைத் தட்டிப் பார்த்து, “வெறும் பலகைதானே, இதுக்கா இவ்வளவு பயந்தீங்க?” என்றார்.

உடல் பலகையின் தடிமன் 44 மில்லிமீட்டர். முகப்பில் பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றி, அதன் கீழே 12 செண்டிமீட்டர் நீளம், 8 செண்டிமீட்டர் அகலம், 3 செண்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி. தகட்டை மீண்டும் மூடிவிட்டால் வெளியே தெரியாது. பின்பக்கத்தில் இன்னொரு குழி, 10-க்கு 9-க்கு 3. அதற்குத் தனியாக ஒரு மெல்லிய மூடி. பின்பக்கத்தின் மேல் விளிம்பில், வயிற்றோடு ஒட்டும் இடத்தைச் சரிவாகச் சீவியெடுத்தார். மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 720 கன செண்டிமீட்டர் மரம். ஒரு கன செண்டிமீட்டருக்கு 0.6 கிராம் என்று வைத்தால் 430 கிராம் வர வேண்டும். இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் பாடமாகவே கொடுத்தேன். பிறகு மரச்சீவலையெல்லாம் கூட்டியள்ளிச் சமையலறைத் தராசில் வைத்தோம். 426 கிராம்! மீதி 4 கிராம் சிற்றப்பாவின் மூக்கில் போயிருக்கும் என்றான் ஒருவன். (முகக்கவசம் அணிந்துதான் வேலை செய்தார். மரத்தூள் விளையாட்டன்று. பிள்ளைகளை அருகில் விடவும் இல்லை.)

எங்கே குடையக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்து உடலோடு பூட்டியிருக்கும் இடம், குதிரையின் அடிப்பகுதி, வார் மாட்டும் ஆணிகளின் சுற்றுப்புறம், இந்த மூன்றிலும் மரத்தைத் தொடாதீர்கள். நான்கு கம்பிகளின் இழுவிசை முழுவதும் கழுத்துப் பூட்டுக்கும் குதிரைக்கும் இடையில்தான் நிற்கிறது. குழியின் அடியிலும் ஒரு செண்டிமீட்டருக்குக் குறையாமல் மரம் மிச்சம் இருக்கட்டும்.

எல்லாம் பூட்டி முடித்துக் கைத்தராசில் மாட்டினோம். 3.88 கிலோ. எண்ணூறு கிராமுக்கு மேல் குறைந்துவிட்டது. செலவு பிரடைக்கும் குதிரைக்குமாக 190 ரிங்கிட். சிற்றப்பா கூலி வாங்கவில்லை. மீன் கறி சமைத்துக் கொடுத்தேன்.

மேடை அண்ணனைப் பயிற்சிக்கு அழைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாக உட்கார்ந்து இரண்டு பாட்டைக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “நல்லா கேக்குதே டீச்சர், இதைப் போய் குடையணும்னு சொல்றீங்களே, எப்ப வேலையை ஆரம்பிக்கப் போறீங்க?” என்றார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அவருக்கே விளங்கிவிட்டது. கித்தாரைத் திருப்பி மூடியைக் கண்டவர், நல்ல மனிதர், தாமும் சேர்ந்து சிரித்தார். இப்போது தம்முடைய கித்தாரின் பிரடைகளை எங்கே வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்.

அகலமான வாரே போதுமே, எதற்கு இத்தனை பாடு என்று கேட்பவர்களும் உண்டு. பத்து செண்டிமீட்டர் அகலமுள்ள வாரை நாங்களும் வாங்கினோம். தோளில் அழுத்தம் பரவுகிறது. சிவந்த தடம் குறைகிறது. ஆனால் தராசுக்கு வார் தெரியாது. முதுகு தாங்கும் பாரம் அதே பாரம்தான். வாரை மட்டும் மாற்றிவிட்டுப் பிள்ளையைக் காத்துவிட்டோம் என்று சொல்வது பாதி உண்மை.

அதைவிட எளிய மருந்து ஒன்று நம் கையில் இருந்தும் நாம் கொடுப்பதில்லை. அது நாற்காலி! உட்கார்ந்து வாசித்தால் கித்தார் தொடையில் இறங்கிவிடும். பயிற்சி முழுவதும் பிள்ளைகளை நிற்க வைப்பது யாருடைய ஆசைக்காக? மேடையில் வரிசையாக நின்றால் படம் நன்றாக வரும் என்ற நம் ஆசைக்காக. இதில் நானும் குற்றவாளிதான். இரண்டு மணிநேரப் பயிற்சியில் நூறு நிமிடம் நிற்க வைத்திருக்கிறேன். இப்போது எங்கள் குழுவில் பயிற்சி முழுவதும் உட்கார்ந்துதான். விழா நாளில் மட்டும், அதுவும் இரண்டு பாட்டுக்கு, எழுந்து நிற்பார்கள்.

மே 16 அன்று அவள் அந்த இரண்டு பாட்டையும் நின்றே வாசித்தாள். தாயார் முன் வரிசையில் இருந்தார். விழா முடிந்ததும் மகளின் சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைத்தான் முதலில் பார்த்தார். பிறகுதான் கை தட்டாதது நினைவுக்கு வந்ததோ என்னவோ, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கணக்கில் நேர்மை வேண்டுமென்றால் இதையும் எழுத வேண்டும். 34 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3.88 கிலோ என்பது இன்னமும் 11 விழுக்காட்டுக்கு மேல். பள்ளிப் பைக்கு நாம் கேட்கும் பத்து விழுக்காட்டுக்கு இன்னும் அரைக் கிலோவளவு எடுக்க வேண்டும். தலைப் பலகையின் நுனியை அறுத்துச் சிறிதாக்கலாம் என்கிறார் சிற்றப்பா. நெட் ஸ்டைன்பெர்கர் என்பவர் 1980 வாக்கில் தலையே இல்லாத பேஸ் கித்தாரைச் செய்து விற்றிருக்கிறார், ஆகவே நடக்காத காரியமில்லை. ஆனால் நுனியில் கித்தாரின் பெயர் பொறித்திருக்கிறது. கொடுத்தவரிடம் இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் வாளை எடுக்க விடுவேன்.

உங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு கித்தார் இருந்தால் முதலில் நிறுத்துப் பாருங்கள். கைத்தராசு இல்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன். பிரடைத் துளையை அளப்பது எப்படி என்பதைப் படத்துடன் அடுத்த வாரம் எழுதுகிறேன்.